மறுபக்கத்து நியாயம்

எங்கள் ஒரே மகளுக்குத் தெற்கே, சிங்களம் பேசும் மாத்தறையில் மீன்வளம் படிக்கப் பல்கலைக்கழக இடம் கிடைத்தது. கல்முனைக் கடைத்தெருவில் கண்டவரெல்லாம் எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள். சாய்ந்தமருதில் எங்கள் வீட்டிலோ, தாயும் மகளும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

"அவ்வளவு தூரத்துக்கு ஒரு பொம்புளப் புள்ளய அனுப்ப ஏலா," என்றாள் மனைவி.

"உம்மாக்கு ஒண்டும் விளங்காது," என்றாள் மகள்.

நான் மட்டக்களப்பில் இயேசு சபைத் துறவிகள் நடத்திய கல்லூரியில், விடுதியில் தங்கிப் படித்தவன். முதலில் ஐரோப்பாவிலிருந்தும் பிறகு அமெரிக்காவிலிருந்தும் வந்த பாதிரிமார் வளர்த்த கல்லூரி அது. உலகெங்கும் அவர்களுடைய கல்லூரிகளில் விவாதம் நூற்றாண்டுகளாக ஒரு பாடம்போலவே இருந்து வந்தது. எங்கள் கிழக்குக் கரைக்கும் அதைக் கொண்டுவந்தார்கள், கூடவே கூடைப்பந்தையும். என்னைப் போன்ற முஸ்லிம் பிள்ளைகளை வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு நேரத்தோடு அனுப்பிவிடுவார்கள்.

எங்களுக்கு ஆங்கிலம் படிப்பித்த அமெரிக்க ஃபாதர் மட்டக்களப்புத் தமிழை எங்களைப் போலவே இழுத்துக் கதைப்பார். நாங்கள் விவாதத்துக்கு எழும்பினால் அவர் சொல்வது ஒன்றுதான்: "முதல்ல மற்றவன்ட நியாயத்தச் சொல்லு. அவன் 'ஓம், அதுதான்' எண்டு ஒத்துக்கிட்டாப் பிறகு உன்ட பதிலச் சொல்லு." அப்படிச் சொல்லி முடிப்பதற்குள் பாதிக் கோபம் போய்விடும். அந்தப் பாதிரிமார் இன்று இல்லை. அவர்கள் தந்த வழக்கம் என்னோடு தங்கிவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை பகல் சோற்றுக்குப் பிறகு இருவரையும் உட்காரச் சொன்னேன். மனைவி மகளுக்காகக் கதைக்க வேண்டும், மகள் உம்மாவுக்காக.

"உங்கட காலேஜ் வேலய இஞ்சயும் தொடங்கிட்டீங்களா?" என்று மனைவி சிரித்தாள். ஆனாலும் மகளாகத் தன்னை நினைத்துக்கொண்டு தொடங்கினாள். "என்ட உம்மாட வாப்பா கடலுக்குப் போனவர். மீன் படாத நாள்ல, ஏன் படல்லெண்டு அவருக்குச் சொல்ல ஒருத்தரும் இரிக்கல்ல. அதத்தான் நான் படிக்கப் போறன். சிங்களம் தெரியாட்டி என்ன, பழகலாம்தானே?"

மகள் உம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். "ஓம், அதுதான். இவ்வளவு வடிவா எனக்கே சொல்ல வராது, உம்மா."

பிறகு அவள் முறை. "எனக்கு ஒரு மகள்தான். அவளுக்குக் காய்ச்சல் வந்தா யாரு பாக்குற? பாஷ தெரியாத இடத்துல தனிய அழுவாள். நம்மக்கிட்டச் சொல்லவும் மாட்டாள்..." குரல் உடைந்தது. அது உம்மாவின் பயம் மட்டுமல்ல என்று எங்களுக்கு விளங்கிவிட்டது.

மனைவி அவள் கையைப் பிடித்தாள். "பயமா இரிக்கா, புள்ள?"

"ஓம்."

"அப்ப நானும் வாறன். நீ பழகுமட்டும் கூட நிக்கன்."

தீர்ப்புச் சொல்லக் காத்திருந்த எனக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது.

அடுத்த மாதம் இருவரும் மாத்தறைக்குப் போனார்கள். அங்கே தெரிந்த குடும்பமொன்றின் வீட்டில் தங்கினார்கள். நான் தனியே சமைத்து, உப்பைக் கூட்டிப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பின்னேரம் மனைவி போன் எடுத்தாள்.

"இஞ்சத்தக் கடல் நல்ல வடிவு. உங்கட மகள் கூட்டாளிப் புள்ளகளோட சேந்துட்டாள், என்னத் திரும்பியும் பாக்குறாள் இல்ல," என்றாள். அவள் குரலில் குறையே இல்லை. பிறகு சற்றுத் தயங்கிக் கேட்டாள்: "நான் இன்னும் கொஞ்ச நாள் நிண்டுட்டு வரட்டா?"