இழைமணி டீச்சர்

அந்தப் பெண்கள் பள்ளியில் உயிரியல் எடுத்தவளுக்கு ஒரு பெயர் இருந்தது, வருகைப் பதிவேட்டில். மற்றபடி வாசல் காவலரிலிருந்து தலைமையாசிரியை வரை எல்லோருக்கும் அவள் இழைமணி டீச்சர்தான். பாடப்புத்தகத்தில் மைட்டோகாண்ட்ரியா என்று அச்சாகி எத்தனையோ வருஷம் ஆகியும், தான் படித்த காலத்துத் தமிழ்ச் சொல்லை அவள் விடுவதாக இல்லை. "வாய்ல நுழையாத பேரு எதுக்குடி? இழை மாதிரியும் இருக்கு, மணி மாதிரியும் இருக்கு. இழைமணி. எவ்வளவு அழகா இருக்கு!" என்பாள். பரீட்சையில் மற்றதை எழுதினாலும் மதிப்பெண் போட்டுவிடுவாள்; ஆனால் மறுநாள் வகுப்பில் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் சும்மா விடுவார்களா? அவள் தாழ்வாரத்தில் வருவது தெரிந்ததும், "இழைமணி அடிச்சாச்சு, உள்ள ஓடுங்கடி!" என்று ஒருத்தி கத்துவாள்.

கேலி கிடக்கட்டும், பாடம் என்றால் அப்படி ஒரு பாடம். கடைசி பெஞ்சில் தூங்குகிறவள்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவாள். "இலை சும்மா பச்சையா இருக்குன்னா நெனச்சீங்க? வெயிலைப் புடிச்சு சர்க்கரையாக்கி, மிச்சத்தை மாவாக்கிப் பதுக்கி வெக்குது. அதைத் தின்னுட்டு நீங்க என் வகுப்புல கொட்டாவி விடறீங்க! சரி, தின்ன சர்க்கரை என்ன ஆகுது? அது பெரிய நோட்டு. பஸ்ல நீட்டினா கண்டக்டர் வாங்குவாரா? வள்ளுனு விழுவார். சில்லறை வேணும். ஏ.டி.பி.தான் சில்லறை. மாத்திக் குடுக்கிற கடைதான் இழைமணி. ஓடணும்னாலும் சில்லறை, கண்ணைச் சிமிட்டணும்னாலும் சில்லறை. நாம மூச்சு விடறதே அந்தக் கடை நடக்கத்தான்." இருபத்திமூன்று வருஷமாக இதே பேச்சு. நடுவில் ஒரு வரி வரும்: "இன்னொண்ணு கேளுங்கடி. இழைமணி அம்மா குடுக்கிற சொத்து. அப்பனுக்கு அதுல சல்லிக்காசு பங்கு கிடையாது!" பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

குரல் மட்டும் மூன்று வகுப்பு தாண்டிக் கேட்கும். முப்பத்தைந்து வயதிலேயே காது மந்தமாகிவிட்டது. இந்தக் குரங்குகள் கத்திக் கத்தியே என் காது போச்சு என்று சொல்லிக்கொள்வாள். நாற்பதில் சர்க்கரை மாத்திரையும் சேர்ந்துகொண்டது. அது யாருக்குத்தான் இல்லை என்று விட்டுவிட்டாள்.

அவளுக்கு ஒரே மகள். பதினாலு வயது, அதே பள்ளி. வயதுக்கு உயரம் இல்லை. இரண்டாம் மாடி வகுப்புக்குப் போவதற்குள் படியில் இரண்டு தடவை உட்கார்ந்துவிடுவாள். தலைவலி என்பாள், சாப்பிட்டதை வாந்தி எடுப்பாள், சாயங்காலம் வந்தால் பையைக்கூடக் கழற்றாமல் படுக்கையில் விழுவாள். கணவனின் அக்கா, நாக்கில் நெருப்பை வைத்துக்கொண்டு பிறந்தவள், அவளுக்கு மூட்டை என்று பெயர் வைத்தாள். "எங்க எறக்கி வெச்சாலும் அங்கேயே கெடக்கும்" என்றாள். கொஞ்ச நாளில் அப்பாவும் மூட்டை என்றார், அம்மாவும் மூட்டை என்றாள். தெருமுனை டாக்டர் ஒரு டானிக்கை எழுதிக் கொடுத்து, வளர்கிற பெண், சரியாகிவிடும் என்று அனுப்பினார். டானிக் தீர்ந்தது. மூட்டை அப்படியேதான் கிடந்தாள்.

டீச்சருக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. ஊரார் பிள்ளைகளையெல்லாம் விரட்டி வேலை வாங்குகிறவளின் மகள் இப்படியா? "ஒடம்புல ஒரு கொறையும் இல்ல, எல்லாம் கொழுப்பு" என்று தீர்மானித்தாள். கடைக்கு நடக்கவிட்டாள், வீட்டு மாடிப்படியைத் தினமும் கழுவவிட்டாள். மகள் கெஞ்சிப் பார்த்தாள். "சத்தியமா முடியலம்மா. கால்ல எதுவுமே இல்லாத மாதிரி இருக்கும்மா." அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. படித்தவள். அதுவும் இதையே படித்தவள். படித்து என்ன பிரயோசனம்?

ஒருநாள் காலை மகளுக்கு லேசாகக் காய்ச்சல். எழுந்திருக்க நேரமாகிவிட்டது. "நேரத்துக்கு எந்திரிக்காதவளுக்கு நேரத்துக்குச் சோறா?" என்று வெறும் வயிற்றோடு அவளைப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனாள் டீச்சர். மூன்றாவது பாடவேளை அவளுடையது, இழைமணிப் பாடம். பலகையில் படம் போட்டுவிட்டுத் திரும்பினால், மகள் மேசையில் தலையைச் சாய்த்திருக்கிறாள். டீச்சருக்குச் சுர்ரென்று ஏறியது. பெஞ்சின் மேல் ஏறி நிற்கச் சொன்னாள். "பாருங்கடி, இவ செல்லுல இழைமணியெல்லாம் தூங்குது போல!" வகுப்பு கொல்லென்று சிரித்தது. மகளும் சிரிக்க முயன்றாள். பிறகு கண்ணைக் கசக்கினாள், இடது பக்கம் ஒன்றும் தெரியவில்லை என்றாள், அப்படியே சரிந்தாள். தரையில் கிடந்து கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன.

பெரிய ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். ரத்தத்தை எடுத்து எங்கோ தூரத்துக்கு அனுப்பினார்கள். முடிவு வர ஆறு வாரம். வலிப்பு நின்றது. இடது பக்கப் பார்வை மட்டும் திரும்பவில்லை. முடிவு வந்த அன்று, அப்பா மருந்து வாங்கும் வரிசையில் நின்றுகொண்டிருக்க, பெண் டாக்டர் அம்மாவையும் மகளையும் உட்காரவைத்துச் சொன்னாள். செல்லுக்குள் சக்தியை மாற்றிக் கொடுக்கிற மைட்டோகாண்ட்ரியாவிலேயே பழுது. பிறவியிலேயே வந்தது. சாப்பிடுவது சேரும், ஆனால் முழுக்கச் சக்தியாக மாறாது. பட்டினி ஆகாது, காய்ச்சலை அலட்சியம் செய்யக் கூடாது, முடியவில்லை என்றால் முடியவில்லைதான். ஒருநாளும் கட்டாயப்படுத்தக் கூடாது.

"அப்போ நான் சோம்பேறி இல்லையா டாக்டர்?" என்று மகள் கேட்டாள்.

"இல்லவே இல்லைம்மா. மத்தவங்க ஓடறதுக்குச் செலவழிக்கிறதை நீ உக்காரறதுக்கே செலவழிக்கிறே."

"இன்னொரு தடவை சொல்லுங்க டாக்டர்."

டாக்டர் இன்னொரு தடவை சொன்னாள். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பிக் கேள்வி கேட்டாள். அது டீச்சரின் காதில் சரியாக விழவில்லை. டாக்டர் குரலை உயர்த்தினாள். "ஒங்களுக்குக் காது எப்படின்னு கேட்டேன். சர்க்கரை இருக்கா?"

அதற்கு மேல் அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. காது மந்தமும் சர்க்கரையும்கூட அதே பழுதின் வேலைதான்; தன்னிடம் லேசாக இருந்து, மகளிடம் முழு உருவம் எடுத்திருக்கிறது. மகளை வெளி பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு மருந்து வரிசைக்குப் போனதும் கணவன் கேட்டான், "என்ன சொன்னாங்க?" "ஏதோ நரம்புத் தளர்ச்சியாம்" என்றாள். ரிப்போர்ட்டை மடித்துக் கைப்பையின் அடியில் போட்டாள்.

மகளுக்கோ கால் தரையில் பாவவில்லை. பாதிக் கண் போனதுகூட அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை, பாவி மகள். வீட்டுக்கு வந்து படுத்ததும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தைகிட்ட நீதாம்மா சொல்லணும். நான் சொன்னா சாக்குன்னுவாங்க. நீ டீச்சர், நீ சொன்னா நம்புவாங்க. சொல்லுவேல்ல?"

"சொல்றேன்டி."

ஞாயிற்றுக்கிழமை மதியம் அத்தையும் மாமாவும் பார்க்க வந்தார்கள். மகள் காலையிலிருந்தே தயார். நடுநடுவே உட்கார்ந்து உட்கார்ந்து தலைவாரி, நல்ல உடையைப் போட்டு, ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தாள். டீ குடித்தார்கள். விலைவாசி பேசினார்கள். அத்தை டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மகளை மேலும் கீழும் பார்த்தாள்.

"டாக்டர் என்னதான் சொல்றாங்க? இவ்வளவு அலைஞ்சதுக்கு ஏதாவது பேரு வெச்சாங்களா இல்லையா? எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு பொறந்ததே கெடையாதும்மா. எங்கேருந்துதான் வந்துச்சோ!"

கணவனும் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். மகள் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

டீச்சர் வாயைத் திறந்தாள். நாற்பது பேருக்கு நடுவே கரடியாய்க் கத்தி இருபத்திமூன்று வருஷம் சொன்ன விஷயம், இப்போது மூன்று பேருக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்த கேள்வி வரும்: அது யார் வழியாக வருகிறது? அதற்கும் பதில் சொன்னால், பெஞ்சில் ஏற்றியதற்கும் வெறும் வயிற்றோடு இழுத்துப் போனதற்கும் பதில் சொல்ல வேண்டும். வாழ்நாள் முழுக்க இந்த அண்ணியின் வாயில் அரைபட வேண்டும். அவளுக்குப் பயமாக இருந்தது. அவ்வளவுதான், வெறும் பயம்.

"பெருசா ஒண்ணும் இல்ல அண்ணி. கொஞ்சம் நரம்புத் தளர்ச்சி, சத்துக் கொறைவாம். நல்லா சாப்பிட்டு, சோம்பல் படாம சுறுசுறுப்பா இருந்தா தானா சரியாயிடுமாம்."

"அதைத்தானே நான் ஆரம்பத்துலேருந்து தலைதலையா அடிச்சுக்கிறேன்!" என்றாள் அத்தை.

மகள் அம்மாவைப் பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். டீ டம்ளர்களை ஒவ்வொன்றாகத் தட்டில் எடுத்து வைத்தாள். தூக்கிக்கொண்டு திரும்பியபோது இடது தோள் நிலைக்கதவில் இடித்தது. கதவு அவளுக்குத் தெரியவில்லை. நின்று, மூச்சு வாங்கி, மறுபடி நடந்தாள்.

"பாத்தியா, சொன்னாத்தான் ஒடம்பு வளையுது" என்றாள் அத்தை.

சமையலறையில் குழாய் திறந்தது. நீ உட்காருடி, நான் கழுவிக்கிறேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். டீச்சர் பிஸ்கட் தட்டை அண்ணியின் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.