அண்ணே என்றால் திரும்பாதவர்

வாழையிலையில் சுட்ட திருக்கை மீன் ஐந்து நிமிடம்தான் தாங்கும். அதற்குள் மேசைக்குப் போய்விட வேண்டும். நேரமானால் மேலே பூசிய சம்பால் விழுது தண்ணீர் விட்டுவிடும், சதை இறுகிவிடும். நான் தட்டைச் சமையலறை ஜன்னலில் வைத்து மணியைத் தட்டுவேன். அதோடு என் வேலை முடிந்தது. ஆனால் எனக்கு இருப்புக் கொள்ளாது. தட்டு போகிறதா, போகிறதா என்று பார்த்துக்கொண்டே அடுத்ததைக் குவாலிச் சட்டியில் போடுவேன். தட்டு போகாது.

அதை எடுத்துப் போக வேண்டியவர் என் வீட்டுக்காரர்.

கடை பினாங்கில், பத்து பெரிங்கி என்கிற கடற்கரையில். முதலாளி ஒரு சீனர். தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலி, மணலிலேயே மேசைகள். பீர்க் கடை என்றுதான் பெயர். ஆனால் பாதிப் பேர் என் மீனுக்கும் கணவாய்க்கும் வருகிறவர்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. முதலாளியே சொல்வார்.

என் வீட்டுக்காரர் பாயான் பாருவில் ஓர் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் இருந்தவர். கடைசியில் லைன் லீடர். நாற்பது பெண்கள் அவருக்குக் கீழே. பிறகு அந்த லைனை வேறு நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஆட்களை விட்டுவிட்டுப் போனார்கள். ஆறு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தார். நான்தான் முதலாளியிடம் கேட்டு இங்கே சேர்த்தேன்.

வேலை தெரியாதவர் இல்லை. எந்த மேசை என்ன கேட்டது என்று எழுதாமலே சொல்வார். சிக்கல் ஒரு சொல்லில் இருந்தது. பினாங்கில் தமிழன் தட்டுத் தூக்கினால் அவன் பெயர் அண்ணே. சீனர், மலாய்க்காரர் எல்லோருக்கும் அப்படித்தான். வெள்ளைக்காரன்கூட வந்த இரண்டாம் நாள் கற்றுக்கொள்கிறான். "அனே, பீர்!" "அனே, ஐஸ்!" இவர் திரும்ப மாட்டார். காது கேட்காதவர்போல் கடலைப் பார்த்து நிற்பார்.

"கூப்புடறாங்க லா. போங்களேன்" என்பேன் ஜன்னல் வழியாக.

"யாரு?"

"ஆறாம் மேச."

"என்னயா கூப்புட்டான்? அவன் அண்ணனக் கூப்புடறான். அவங்கம்மா பெத்தது எங்கயாச்சும் இருக்கும், வரட்டும்."

"மரியாதையாத்தான கூப்புடறாங்க?"

"காலி போத்தலத் தூக்கி ஆட்டறான் பாரு. அதான் மரியாதயா?"

அவருடைய தம்பியும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். அவனுக்குத் திரும்புவார்.

வந்துபோனவர்கள் கடையைப் பற்றிப் போனில் எழுதினார்கள். முதலாளி எனக்குப் படித்துக் காட்டினார். சாப்பாடு முதல் தரம், அது வந்து சேர்வதற்குள் கடல் வற்றிவிடும் என்று ஒருவர் எழுதியிருந்தார். முதலாளியோடு எனக்குப் பேச்சு மலாயில்தான். மாதக் கடைசி வரை பார்க்கிறேன் அக்கா, பிறகு வேறு ஆள்தான் என்றார். நான் தலையாட்டினேன். வீட்டில் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? ஒரு தடவை விரட்டப்பட்ட மனிதர்.

அதற்குப் பதிலாக நானே தட்டுகளைக் கொண்டுபோக ஆரம்பித்தேன். அடுப்புக்கும் மணலுக்கும் ஓட்டம். இடுப்பு விட்டுப்போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு பெண்கள் வந்தார்கள். வந்ததும் ஒருத்தி கத்தினாள்.

"லீடர்!"

அவர் அப்படியே திரும்பினார்.

"ஐயோ, நெசமாவே லீடருதான்! ஓவர்டைம் போட்டே எங்களக் கொன்னீங்களே. இப்ப நாங்க ஒக்காந்துக்கிட்டு ஆர்டர் குடுக்கறோம், பாத்தீங்களா?"

"பெக்டரியிலயும் லேட்டா வருவீங்க. இங்கயும் லேட்டா வந்துட்டு அவசரப்படுத்துறீங்க. ஒக்காருங்க."

அன்றைக்கு என் ஜன்னலில் ஒரு தட்டுகூட நிற்கவில்லை. அந்த மேசை மட்டுமில்லை, எல்லா மேசைக்கும் சூடாகப் போனது. நான் நிம்மதியாகச் சமைத்தேன்.

முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் அவரும் கூப்பிட்டார். "லீடர், மூணாம் மேசை!" பீர் ஊற்றுகிறவன் பிடித்துக்கொண்டான். வழக்கமாக வருகிற ஆட்களும் பிடித்துக்கொண்டார்கள். லீடர், ஐஸ். லீடர், சாம்பல் தட்டு. இரண்டு நாள் திரும்பினார். மூன்றாம் நாள் பாதி திரும்பினார். பிறகு அதுவும் இல்லை.

"அதயும் கெடுத்துட்டானுங்க" என்றார். அவ்வளவுதான்.

மாதம் முடிய நான்கு நாள் இருந்தது. சனிக்கிழமை, நல்ல கூட்டம். ஜன்னலில் மூன்று தட்டு. மணியைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு நானே எடுத்துக்கொண்டு ஓடினேன். திரும்பி வந்தபோது குவாலியில் கணவாய் கருகிக் கிடந்தது. இத்தனை வருடச் சமையலில் நான் எதையும் கருக விட்டதில்லை. வழித்துக் குப்பையில் கொட்டினேன். முதலாளி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். திட்டியிருக்கலாம்.

அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போனேன். சவுக்கு மரத்தடியில் என் வீட்டுக்காரர் நின்றிருந்தார்.

"நாளைக்கு நீங்க வர வேணாம்" என்றேன்.

"மொதலாளி சொன்னானா?"

"நான் சொல்றேன்."

"நீயா?"

"ஆமா. கணவா கருகிப்போச்சு."

என்னைப் பார்த்தார். இடுப்பில் கட்டியிருந்த வேலைத் துணியை அவிழ்க்கப் போனவர் மறுபடி முடிச்சுப் போட்டார். "மேசைங்க நெறையா இருக்கு. இன்னிக்கு முடிச்சுட்டுப் போறேன்."

அன்று கடை மூடும் ஏழு மணி வரை வேலை பார்த்தார். அண்ணே என்றதற்கும் திரும்பினார், லீடர் என்றதற்கும் திரும்பினார், கைதட்டியதற்கும் திரும்பினார். ஒரு தட்டுகூட ஆறவில்லை. கடைசி நாள் என்றால் எதற்கும் திரும்பலாம் போல.

முதலாளிக்குச் சந்தோஷம். பார்த்தாயா அக்கா, சரியாகிவிட்டார் என்றார். இல்லை, நாளைக்கு வேறு ஆள் பாருங்கள் என்றேன். அவருக்குப் புரியவில்லை. விளக்கிச் சொல்கிற அளவுக்கு எனக்கு மலாய் வராது. தமிழிலும் வராது.

மோட்டார் சைக்கிளில் டத்தோ கிராமாட்டில் இருக்கிற வீட்டுக்குத் திரும்பினோம். வெளிச்சம் இன்னும் இருந்தது. பாதி வழியில் சொன்னார்.

"மாசக் கடைசின்னு மொதலாளி எங்கிட்டயும் சொல்லியிருந்தான்."

"எப்ப?"

"ஒங்கிட்ட சொன்ன அன்னிக்கே."

எனக்குக் கோபம் வந்தது. நான் அத்தனை நாள் ஓடிய ஓட்டம்.

"தெரிஞ்சுக்கிட்டேவா திரும்பாம நின்னீங்க? நீங்களே வேலைய விட்டு நின்னுக்க வேண்டியதுதான?"

"நானா நிக்க முடியல. இன்னொரு தடவ எவனோ ஒருத்தன் போன்னு சொல்லிக் கேக்கவும் முடியல." கொஞ்ச தூரம் ஓட்டினார். "நீ சொன்னது பரவால்ல."

கடலோர வளைவு வந்தது. அவரைப் பிடித்துக்கொண்டேன்.