வாசலுக்கு வந்த மைக்

சவரிமுத்து மாமாவை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் நம் ஊரில் பலர் இருக்கிறீர்கள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்காத நான் அவரைப் பற்றி எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இலுப்பூரைச் சுற்றி யார் இறந்தாலும் அவருடைய மைக் செட்தான் முதலில் சொல்லும். அவர் இறந்த செய்தி மட்டும் எனக்குக் கைபேசியில் வந்தது. திருச்சியில், வேலைக்குப் போகும் பஸ்ஸில் நின்றிருந்தேன். "மைக் செட் அண்ணன் போயிட்டாருடி, நெஞ்சுவலியாம்" என்றார் அம்மா. "அவரு வீட்டம்மாவக் கட்டி அழுதுட்டு வாரேன்" என்றார்.

கொரோனா காலத்தில் அம்மாவுக்கு அது வாய்க்கவில்லை. எங்கள் இருவருக்கும் தொற்று இருந்ததால் வாசலில் கம்பு கட்டி அடைத்திருந்தார்கள். அப்போதுதான் இரண்டு தெரு தள்ளியிருந்த பெரியம்மா, நெடுநாள் சிறுநீரக நோயில் இறந்தார். நம் பக்கத்துத் துக்கம் உங்களுக்குத் தெரியும். பெண்கள் தோளோடு தோள் சேர்த்து, தலையோடு தலை முட்டி அழ வேண்டும். கட்டி அழாமல் போனால் உறவே விட்டுப்போனதாகப் பேசுவார்கள். துக்க வீட்டில் இருந்தவர்களோ பெரும்பாலும் வயதானவர்கள்.

"கூடப் பொறந்தவளுக்கு அழாம நான் என்னத்துக்கு இருக்கேன்" என்று அம்மா கம்பை அவிழ்க்கத் தொடங்கினார். என்னால் தடுக்க முடியவில்லை. மாமா அப்போதுதான் தோளில் வயர்ச் சுருளோடு வந்து, தள்ளியே நின்றார்.

"அக்கா, அங்கிட்டு ஒரு கொழாய், இங்கிட்டு ஒரு கொழாய் கட்டுறேன். சத்தம் போவட்டும், ஆளு இருக்கட்டும்."

இரண்டு வீட்டிலும் மைக்கும் குழாய் ஒலிபெருக்கியும் வைத்து, கூரைகளின் மேல் வயரை இழுத்தார். எதிரே நின்ற, அப்பாவின் அண்ணனான பெரியப்பா கடுப்பாகிவிட்டார். "கல்யாணத்துக்குப் பாட்டுப் போடுறவன் எழவ ரேடியோவுல விடுறானா?"

"போடுறதுதாங்க நானு, அழுறது அவுங்க. நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

எங்கள் வாசல் மைக்கைப் பாலித்தீன் பையில் சுற்றிக் கம்பில் மாட்டிவிட்டு விலகினார். அம்மா அதைத் தட்டி, "ஹலோ" என்றார்.

"டெஸ்டிங் எல்லாம் வேணாம்க்கா. நேரா அழுவுங்க."

அம்மாவுக்கு அழுகையிலும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு, "என்னப் பெத்த அக்கா" என்று எடுத்தார். துக்க வீட்டின் குழாயில் அந்தக் குரல் போய் விழுந்தது. அடுத்து, எங்கள் வாசல் குழாயில் அத்தனை பெண்களின் குரலும் சேர்ந்து வந்தது. தள்ளித் தள்ளி உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். அம்மா ஒப்பாரியில் ஓர் அடி எடுப்பார், அவர்கள் வாங்கிக்கொள்வார்கள். நடுவில் ஊரே நின்று கேட்டது. அம்மா வாசலைத் தாண்டவில்லை. கம்பை அவிழ்க்கச் சென்ற கை, அதையே பற்றிக்கொண்டிருந்தது.

அழுது முடிந்ததும் பையைக் கழற்றி எரித்தார் மாமா. மைக்கை வெயிலில் வைத்து, யாரையும் தொட விடவில்லை. மற்ற வீடுகளும் அவரைக் கூப்பிடத் தொடங்கின. பெரியப்பாவே ஒரு துக்கத்துக்கு ஆள் அனுப்பினார்.

நான் தேறிய பிறகு, தடுப்பூசி முகாமை மைக்கில் அறிவிக்கச் சொன்னார் மாமா. மைக்கை அவரிடமே திருப்பி நீட்டினேன். "சொவத்தப் பாத்துத் திரும்பிப் பேசு தாயி. ஊரு ஒன் கண்ணுக்குத் தெரியாது, ஊருக்கு நீ கேப்ப" என்றார். பேசினேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். இதையும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தே எழுதுகிறேன்.

இவ்வளவும் எழுதியது ஒன்றைக் கேட்பதற்காக. ஞாயிற்றுக்கிழமை அவருடைய முப்பதாம் நாள் பூசை. ஊரில் இப்போது மறுபடி காய்ச்சல் சுற்றுகிறது. இருமலோ காய்ச்சலோ இருப்பவர்கள் தயவுசெய்து கோயிலுக்கு வர வேண்டாம். வராததை அவர் வீட்டார் குறையாக நினைக்க மாட்டார்கள், கேட்டுவிட்டேன். அவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள், அவருடைய மைக் உங்கள் வாசலுக்கு வரும். அங்கிருந்தே அழுங்கள்.