மாதம் தவறாத இலாபம்

வாப்பா தெல்தெனியவில் நடத்திய பலசரக்குக் கடையை விற்றுவிட்டு, உம்மாவோடு கண்டிக்கு என் வீட்டில் இருக்க வந்தார். கடைக்காரருக்கு ஓய்வூதியம் கிடையாது. கடை விற்ற பணம்தான் இருவரின் மீதிக் காலத்துக்கும். வட்டி ஹராம் என்று வாப்பா சேமிப்புக் கணக்கே திறந்ததில்லை. பணம் வட்டி தராத நடைமுறைக் கணக்கில் சும்மா கிடந்தது.

வாகன வியாபாரி ஒருவர் வந்தார். பணத்தைத் தன் வியாபாரத்தில் போட்டால் மாதாமாதம் ஒரே தொகை இலாபம் தருவதாகச் சொன்னார். வட்டி என்ற சொல் அவர் வாயில் வரவேயில்லை. வாப்பாவுக்கு அது போதும். பருப்பு மூட்டைக்குள் கைவிட்டு அடிவரை பார்த்து வாங்கியவர், அந்த வியாபாரத்தைப் போய்ப் பார்க்கக்கூட இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகைக்குப் பிறகு பணம் தருவதாக வாக்கும் கொடுத்துவிட்டார்.

நான் தடுத்தேன்.

"நீ கவர்மென்ட் உத்தியோகம் மகள். ஒனக்கு யாவாரம் வெளங்காது."

அந்த வாரம் வாசிகசாலையில் முதியோருக்குப் பணம் பேணுவது பற்றிய வகுப்பு ஒன்று நடந்தது. போக ஆசைப்பட்டது உம்மா. அவருக்கு முழங்கால் வலி என்பதால் வாப்பா துணைக்குப் போனார், நானும் போனேன். நடத்தியவர் வங்கியில் ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். உம்மா கையை உயர்த்தி, கடை விற்றதையும் வாகன வியாபாரியின் கதையையும் சொல்லிவிட்டார். வாப்பா கூரையைப் பார்த்தார்.

"ஐயா, நீங்கள் கடை வச்சிருந்தனீங்கள்தானே? எல்லா மாசமும் ஒரே லாபமோ வந்தது?" என்று கேட்டார் அந்த அம்மா.

வாப்பா சிரித்தார். "அதெப்பிடி? நோன்பு மாசம் நல்லா ஈக்கும். அடமழைக்கி ஒரு மனிசன் வரமாட்டான்."

"அப்ப அவருக்கு மட்டும் எப்பிடி ஒரே காசு வருது?"



வெள்ளிக்கிழமை வாகன வியாபாரி வந்தார். தேநீர் கொடுத்தபின் வாப்பா கேட்டார்: "நட்டம் வந்தா என்ட பங்கு எவ்வளவு?"

"நட்டமே வராது ஹாஜியார். வந்தாலும் ஒங்கட காசுக்கு நான் பொறுப்பு."

"நட்டத்துல பங்கில்லாம லாபம் மட்டும் எடுத்தா அது வட்டிதான் தம்பி. எனக்கு வாணாம்."

அவர் போனதும் உம்மா உள்ளேயிருந்து, "பருப்புக்காரனுக்கிட்ட கேக்கிற கேள்வி, இவனுக்கிட்ட கேக்க ஒரு முழுக் கிழமை வேணுமா?" என்றார். அந்த மனிதர் ஏமாற்றுக்காரரா என்பது எனக்கு இன்றும் தெரியாது. அன்றிரவு நான் நன்றாகத் தூங்கினேன்.

இப்போது பணம், வட்டியில்லாமல் இலாபத்தைப் பங்கிடும் வைப்புக் கணக்கில் இருக்கிறது. இரண்டாம் மாதம் பங்கு முதல் மாதத்தைவிடக் குறைவாக வந்தது. வாப்பா வங்கிச் சீட்டைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.

"கொறஞ்சீக்கிது," என்றார் முகம் மலர்ந்து. "இது யாவாரம்தான்."