மீற்றர்காரர் எழுதிய காட்டேரிக் கதை

என் கணவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் தில்லைநாதன். சுன்னாகத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் அந்தப் பெயரைத் தெரிந்தவர்கள் குறைவு. வீடு வீடாகப் போய் மின்சார மீற்றரைப் பார்த்து எழுதுவது அவருடைய உத்தியோகம். படலையில் சைக்கிளைச் சாத்திவிட்டு "மீற்றர்!" என்று ஒரு சத்தம் வைப்பார். வீட்டுக்காரர் "வாங்கோ" என்று சொல்வதற்குள் விறாந்தையில் நிற்பார். கட்டிப்போட்ட நாய்கூட அவருக்காக எழும்பிக் குரைத்ததில்லை. சனங்கள் அவரை மீற்றர்காரர் என்றார்கள். நான் மீற்றர்காரரின் மனுசி. கமலாவதி என்று எனக்கும் ஒரு பெயர் இருந்ததை அவர்களுக்கு ஞாபகப்படுத்தி நான் களைத்துப் போனேன்.

தொண்ணூறாம் ஆண்டு சண்டை மறுபடி தொடங்கியதோடு கறண்ட் நின்றது. மாதம் பிறந்தால் இவர் பழக்கதோஷத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வருவார்.

"என்னவாம் மீற்றரெல்லாம்?" என்று கேட்பேன்.

"நிண்டபடி நிக்குது."

"நிண்டதைப் போய்ப் பார்க்கவும் ஒரு ஆள் வேணுமாக்கும்."

சிரிப்பார். ஆனால் சிவக்கொழுந்து அக்காவின் வீட்டுக்குப் போய்வந்த நாட்களில் சிரிக்கமாட்டார். அந்த அக்காவுக்கு ஒரே மகன், யோகராசா. கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தவன். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அகதிகளை ஏற்றிக்கொண்டு கப்பல் வந்தபோதெல்லாம் அக்கா காங்கேசன்துறைக்குப் போய் நின்று, இறங்கியவர்களின் முகங்களைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். அன்றிலிருந்து அந்த வீட்டு முன்வாசல் பல்ப் விடியவிடிய எரிந்தது. தனி மனுசி இருக்கிற வீட்டில் இத்தனை யூனிற் ஏன் ஓடுகிறது என்று இவர் ஒருநாளும் கேட்டதில்லை. கறண்ட் நின்ற பிறகு அக்காதான் இவரைக் கேட்டார்: "இருட்டுக்கை வந்தானெண்டால் பெடியனுக்கு வீடு எப்பிடித் தெரியும், தம்பி?"

ஏதோ இவரே வயரை அறுத்துவிட்டவர் மாதிரி அன்றைக்கு வந்து சாப்பிடாமல் படுத்தார்.

அதற்குப் பிறகுதான் எழுதத் தொடங்கினார். தாளுக்குத் தட்டுப்பாடு. பழைய பள்ளிக்கூடக் கொப்பிகளில் மிஞ்சிய தாள்களைச் சேர்த்துத் தைத்து, பொடி எழுத்தில் இடம் விடாமல் எழுதினார். விசயம் என்னவென்று எட்டிப் பார்த்தேன். இரத்தக் காட்டேரி! எப்போதோ வாசித்த இங்கிலிஷ் புத்தகம் ஒன்றின் நினைப்பில், இரத்தம் குடிக்கிற காட்டேரிகளை யாழ்ப்பாணப் பட்டினத்துக்குள் கொண்டுவந்து விட்டிருந்தார். கறண்ட் இருந்தவரைக்கும் வெளிச்சத்துக்குப் பயந்து பதுங்கிக் கிடந்தவை, இருட்டானதும் தெருவுக்கு இறங்கிவிட்டனவாம். உள்ளே இருப்பவர்கள் "வா" என்று கூப்பிட்டால் ஒழிய ஒரு வீட்டுக்குள்ளும் காட்டேரி நுழைய முடியாது. எல்லா வீட்டுக்குள்ளும் கூப்பிடாமலே போகக்கூடிய ஒருவன்தான் அவற்றை வேட்டையாட முடியும். ஆர் அவன்? மீற்றர் பார்க்கிற மார்க்கண்டு.

"உது நீங்கள்தானே?" என்றேன்.

"கற்பனை."

"கற்பனைக்கும் இடது காலிலை ஆணி இருக்கோ? நொண்டி நொண்டி நடக்கிறான்."

எழுதினதை மறைத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டார்.

முதற் கொப்பி முடிந்ததும் தன்னுடைய பழைய சுற்றிலேயே கொண்டு திரிந்தார். ஒரு வீட்டில் கொடுப்பது, அவர்கள் வாசித்த பிறகு வாங்கி அடுத்த வீட்டில் கொடுப்பது. படலையில் அதே "மீற்றர்!" என்ற சத்தம்தான். காட்டேரி வந்துவிட்டது என்று உள்ளே பிள்ளைகள் கூத்தாடும். கொப்பியை வாங்கும்போது விறாந்தையில் நின்று, "எப்பிடி இருக்கு?" என்று கேட்பார். முன்பு மீற்றரை எட்டிப் பார்த்த அதே பார்வையோடு ஆட்களின் முகத்தைப் பார்ப்பார். நல்லது சொன்னால் சைக்கிள் பறக்கும். பிழை சொன்னால் வீட்டுக்கு வந்து என்னோடு சண்டை பிடிப்பார்.

பிழை சொல்வதில் பொன்னம்பலம் அண்ணைதான் முதல் ஆள். வெங்காயத் தோட்டக்காரர். கொப்பியைத் திருப்பிக் கொடுத்தபோது முகத்தை நீட்டி வைத்துக்கொண்டு கேட்டாராம்: "தம்பி, உவன் மார்க்கண்டு விடியவிடிய ரோச் அடிச்சுக்கொண்டு திரியிறான். பற்றரி எங்காலை?"

"அண்ணை, அது கதை."

"கதையெண்டால்? ஆமிக்காரர் தடை போட்டு, பற்றரி ஒண்டும் வரவிடுறாங்கள் இல்லை. என்ரை ரேடியோவையே சைக்கிள் டைனமோவைச் சுத்தித்தான் கேக்கிறன். காட்டேரியை நான் நம்புறன், இருந்தாலும் இருக்கும். ரெண்டு பற்றரியை நம்பேலாது."

இவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். "இரத்தம் குடிக்கிற பேய் பறந்து திரியுது, அதைக் கேக்கேல்லை, பற்றரியைக் கேக்கிறார்!" என்று கத்தினார். எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. ஆனால் பொன்னம்பலம் அண்ணை சொன்னதைத்தான் ஊர் முழுக்கச் சொன்னது. மார்க்கண்டுவின் மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் எங்கே என்று ஒருவர் கேட்டார். உடுப்பில் பட்ட இரத்தத்தை என்ன சவுக்காரத்தால் கழுவினான் என்று தையல்காரி பத்மாவதி கேட்டாள். முதற் கொப்பி முழுக்க அந்த மனுசன் ஒரு வாய் சோறு தின்னவில்லை என்றும் குறைப்பட்டாள். வல்வெட்டித்துறையிலிருந்து மீன் கொண்டுவந்து விற்கிற பேதுருவுக்குச் சிலுவையைக் கண்டால் காட்டேரி ஓட வேண்டும். பொன்னம்பலம் அண்ணைக்குத் திருநீற்றைக் கண்டால் ஓட வேண்டும். காட்டேரி சைவமா, கிறிஸ்தவ வேதமா என்று எங்கள் படலையில் ஒரு பின்னேரம் முழுக்க வாக்குவாதம் நடந்தது.

இரண்டு நாள் உர்ரென்று இருந்துவிட்டு இவர் ரோச்சைப் பிடுங்கிவிட்டார். மோட்டார் சைக்கிளும் போனது. மார்க்கண்டு இப்போது டைனமோ வெளிச்சத்தில் சைக்கிள் மிதித்துக்கொண்டு வேட்டைக்குப் போனான். மிதித்தால் வெளிச்சம், காட்டேரியோடு சண்டை பிடிக்கச் சைக்கிளை விட்டு இறங்கினால் கும்மிருட்டு. உண்மையைச் சொன்னால், அந்த இடத்தில் எனக்கே நெஞ்சு திக்கென்றது. பத்மாவதிக்காக அவனுக்கு ஒரு பார்சல் புட்டும் கட்டிக் கொடுத்திருந்தார்.

சிவக்கொழுந்து அக்கா ஒருநாளும் பிழை சொன்னதில்லை. ஜாம் போத்தலில் திரி போட்ட விளக்கைக் கிட்ட வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாக வாசிப்பார். "நல்லாயிருக்கு தம்பி, பொழுது போகுது" என்று கொப்பியைத் தருவார். இவர் உலகத்திலேயே எதிர்பார்த்து நின்றது அந்த ஒரு வார்த்தையைத்தான் என்று எனக்குத் தெரியும். எனக்குச் சொல்லமாட்டார்.

நாலாவது கொப்பி அந்த வார்த்தையோடு திரும்பி வரவில்லை. அதில் மார்க்கண்டு எல்லாக் காட்டேரிகளையும் முடித்துவிடுகிறான். மிச்சம் ஒன்று. அது ஓர் இளம் பெடியன். காட்டேரி கடித்ததால் தானும் காட்டேரி ஆனவன். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு, அந்தக் கொப்பியை வாங்க இவரோடு நானும் போயிருந்தேன். அக்கா கொப்பியை நீட்டினார்.

"எப்பிடியக்கா?" என்றார் இவர்.

"அந்தப் பெடியனையும் கொல்லப் போறியளோ?"

"காட்டேரியானவன் திரும்பி மனுசனாகேலாதக்கா. அதுதான் கதையின்ரை சட்டம்."

"அவனுக்குத் தாய் ஒருத்தி இருப்பாளே, தம்பி. நாலு கொப்பியிலையும் தேடிப் பார்த்தன், அவளைக் காணேல்லை."

இவர் கொப்பியை வாங்கிக்கொண்டு படலைக்கு நடந்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்து, "பேய்க்கதைக்குள்ளை தாய்க்கு என்ன வேலை?" என்று என்னிடம் பாய்ந்தார். "அந்தக் கேள்வியை அங்கை கேட்டிருக்கலாமே" என்றேன். இரவுச் சாப்பாட்டைத் தள்ளி வைத்தார்.

பிறகு ஐந்தாவது கொப்பியைத் தொடங்கினார். பெடியன் தன் வீட்டு வாசலுக்கு வருகிறான். கிணற்றுக்கட்டுக்குப் பின்னால் இரும்புக் கம்பியோடு மார்க்கண்டு. தாய் கதவைத் திறக்கிறாள். அதோடு பேனை நின்றுபோனது. நாட்கணக்கில் நின்றது. தன் கதையில் இன்னொருவர் கைவைக்க விடாத மனுசன், கடைசியில் கொப்பியோடு அக்காவிடமே போனார். நானும் கூடப் போனேன், போகாமல் இருப்பேனா?

"அக்கா, மகன் வாசலிலை நிக்கிறான். அவன் காட்டேரியெண்டு தாய்க்கும் தெரியும். கூப்பிட்டால்தான் உள்ளை வருவான். அவ என்ன சொல்லுவா?"

அக்கா யோசிக்கவே இல்லை. "வா ராசா, உள்ளை வா எண்டு சொல்லுவள். வேறை என்னத்தைச் சொல்லுறது?"

"வந்தால் இரத்தம் குடிப்பானக்கா."

"குடிக்கட்டுமே. வயித்துக்குள்ளை பத்து மாதம் அதைத்தானே குடிச்சவன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். இவர் தலையைக் குனிந்தபடி அந்த விறாந்தையிலேயே இருந்து எழுதினார். தாய் கூப்பிடுகிறாள். மகன் உள்ளே போகிறான். மார்க்கண்டு கம்பியைக் கிணற்றடியில் போட்டுவிட்டு, ஆள் இல்லாத வீடுகளுக்கு எழுதுகிற மாதிரி "வீடு பூட்டு" என்று மீற்றர் மட்டையில் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகிறான். அவ்வளவுதான் முடிவு.

அக்கா வாசித்தார். "நல்லாயிருக்கு" என்றுகூடச் சொல்லவில்லை. கொப்பியைக் கண்ணில் ஒற்றித் தந்தார். பொன்னம்பலம் அண்ணை மட்டும், "வேட்டைக்காரன் கடைசியிலை வேலையைச் செய்யாமல் போட்டானே" என்று முணுமுணுத்தார். ஆனால் கொப்பியை இரண்டாம்தரம் வாசிக்க வேண்டும் என்று திருப்பித் தராமல் வைத்துக்கொண்டார்.

அந்தக் கொப்பியைத் திருப்பி வாங்க நேரம் கிடைக்கவில்லை. ஐப்பசியில் ஆமி கிட்ட வந்துவிட்டது. எங்கள் வலிகாமத்துச் சனம் எல்லாம் உடனே தென்மராட்சிக்குப் போக வேண்டும் என்று புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போனார்கள். மழை தூறிய பின்னேரம். அங்கே சாவகச்சேரியில் என் சின்னம்மா வீடு இருந்தது. சைக்கிளில் அரிசியையும் உடுப்பையும் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டோம். இவர் ஒழுங்கையில் திரும்பி நேரே சிவக்கொழுந்து அக்காவிடம் போனார்.

அக்கா வாசற்படியில் இருந்தார். ஒரு பையும் கட்டவில்லை.

"நான் வரேல்லை, தம்பி. நீங்கள் போங்கோ."

"எங்களோடை சாவகச்சேரிக்கு வாங்கோ அக்கா. ஊரிலை ஒருத்தரும் இருக்கமாட்டினம். செல் விழுகுது, கேக்கேல்லையே?"

"பெடியன் வந்தானெண்டால்? லைற்றும் இல்லை. உள்ளை வா எண்டு சொல்லவாவது ஒரு ஆள் வேண்டாமே?"

இவருடைய முகம் வெளுத்துப்போனது. எனக்கு அக்காவில் இரக்கம், இவரில் கோபம். "கண்டியளோ, உங்கடை கதை செய்த வேலை" என்று சொல்ல வாய்வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன். ஒழுங்கையால் சனம் போய்க்கொண்டே இருந்தது. தூரத்தில் பீரங்கிச் செல் விழுந்து நிலம் அதிர்ந்தது. அக்கா அசையவில்லை. இவர் மழையில் நனைந்தபடி அந்த எரியாத பல்பையும் அதன் கீழே நின்றுபோன மீற்றரையும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு விறுவிறென்று அடுப்படிக்குப் போய் ஒரு கரித்துண்டோடு வந்தார்.

"அக்கா, கூப்பிட்டால்தான் வரலாமெண்டு எழுதினனான். வாயாலைதான் கூப்பிடோணுமெண்டு நான் ஒரு இடத்திலையும் எழுதேல்லை. நீங்கள் சொல்லுங்கோ, நான் எழுதுறன்."

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழும்பி வந்து பக்கத்தில் நின்று, சுவருக்குள்ளே மகன் நிற்பதுபோல மெல்லச் சொன்னார். மீற்றருக்குக் கீழே, வெள்ளைச் சுவரில், இவர் பெரிய எழுத்தில் எழுதினார். யார் எதைச் சொன்னாலும் செந்தமிழாக்கிவிடுகிற மனுசன் அன்றைக்கு ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

"ராசா, உள்ளை வா. அரிசி பானைக்குள்ளை கிடக்கு. அம்மா சாவகச்சேரியிலை நிக்கிறன்."

அந்த நேரம் பொன்னம்பலம் அண்ணை சைக்கிளில் மூட்டையைக் கட்டி உருட்டிக்கொண்டு ஒழுங்கையால் வந்தார். எங்களைக் கண்டு நின்று, படலைக்குள் வந்து சுவரைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொருதரம் வாசித்தார். இவர் கரிக்கையோடு, விறாந்தைகளில் நிற்கிற அதே பாவனையில், அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதிலை ஒரு பிழையும் இல்லை, தம்பி" என்றார் பொன்னம்பலம் அண்ணை. "நடவுங்கோ."

சிவக்கொழுந்து அக்கா உள்ளே போய் ஒரு சேலையை எடுத்துக்கொண்டு வந்தார். கதவைச் சாத்தப் போன என் கையைப் பிடித்துத் தடுத்தார். கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, எங்களோடு தெருவுக்கு இறங்கினார்.