கால்வாயில் முளைத்த கறிவேப்பிலை

நிக்டியில் மழை தொடங்குவதற்குள் கூரையோரத் தகரக் கால்வாயைச் சுத்தம் செய்துவிடலாம் என்று இன்று ஏணியில் ஏறினேன். போன மழையில் அது அடைத்துக்கொண்டு, தண்ணீர் படுக்கையறைச் சுவரில் இறங்கியிருந்தது.

அடைப்புக்குக் காரணம் முழங்கால் உயரக் கறிவேப்பிலைச் செடி. ஏதோ பறவையின் உபயம்.

ஏணியைப் பிடித்திருந்த மனைவி பதறினாள்.

"ஐயோ, புடுங்கிடாதீங்க! நான் தொட்டியில வச்சது ஒண்ணுகூடப் பொழைக்கல."

"செவுரு ஊறுதேம்மா?"

"செவுத்துக்கு பெயிண்ட் அடிச்சுக்கலாம்."

அடுத்த வீட்டு மராத்திக்கார அம்மாளை, நாங்கள் காக்கு என்று கூப்பிடுபவரை, துணைக்கு அழைத்தேன். கால்வாய் இரண்டு வீட்டுக்கும் பொது. தன் சுவர் ஊறியதற்காகப் போன வருடம் முழுக்க என்னைத் திட்டியவர் அவர்.

மாடி ஜன்னலில் எட்டிப் பார்த்தவர், "நகோ, பாவு, நகோ!" என்று, வேண்டாம் தம்பி வேண்டாம் என மராத்தியில் அலறினார். அவர் வீட்டு அவல் போஹாவுக்கும் இலை அதிலிருந்துதான் போகிறதாம்.

செடியைச் சுற்றியிருந்த சருகை மட்டும் அள்ளிவிட்டு இறங்கினேன்.

கறிவேப்பிலையை வேரோடு எடுத்துத் தொட்டியில் பிழைக்கவைத்தவர்கள் இருந்தால், மழைக்கு முன்பு வழி சொல்லுங்கள்.

காரியம் முடிந்ததும் கறிவேப்பிலை போலத் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்பார்கள். எங்கள் வீட்டில் ஊறிய படுக்கையறையிலிருந்து ஹாலுக்குத் தூக்கிப் போடப்பட்டிருப்பது என் கட்டில்.