யாரும் எழுந்து நிற்காத பெயர்

நாற்பத்திரண்டாம் வருஷத்து அடைமழைக் காலம். அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவே ஒரு கரிசல்காட்டுக் கிராமத்தில் நான் சபையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மழை பெய்தால் அந்த மண் செருப்பைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும். வேதசாஸ்திரப் பள்ளியில் படித்து முடித்த சூடு எனக்கு இன்னும் ஆறவில்லை. கல்யாணம் ஆகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. பிரசங்கம் பண்ணலாம், ஜெபம் நடத்தலாம். ஆனால் குருப்பட்டம் ஆகாததால் திருவிருந்து கொடுக்க முடியாது. பட்டம் ஆக வேண்டுமென்றால் மிஷன் துரை ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து என் ஆராதனையைப் பார்த்து, இந்தப் பையன் தேறுவான் என்று மேலே எழுத வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. பொது ஜெபத்தில் முதலில் இங்கிலாந்து ராஜாவுக்காக ஜெபிப்போம். அது புத்தகத்திலேயே அச்சடித்து வந்துவிட்டது. அதற்கப்புறம், ஊரை விட்டுப் போயிருக்கிறவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்வோம். கண்டித் தேயிலைத் தோட்டத்துக்கு ஜனங்கள் கப்பலேறிய காலத்தில் ஆரம்பித்ததாம். பெயரைச் சொன்னதும் அந்த வீட்டார் எழுந்து நிற்பார்கள். கடைசிப் பெயர்வரை நின்று, ஆமென் சொன்ன பிறகுதான் உட்காருவார்கள். தாளைப் பார்த்து வாசித்தால் கெட்டது கதை. "நம்ம பிள்ளைங்க பேரு கூடவா ஐயாவுக்கு மனசுல நிக்காது?" என்று கேட்டுவிடுவார்கள். ஆள் திரும்பி வந்தால் பெயரை நிறுத்துவோம், செத்துப்போனால் நிறுத்துவோம். வேறு எதற்கும் நிறுத்தியதில்லை.

எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் இருந்தார். என் வயசுதான். அந்த ஆகஸ்டு கலவரத்துக்குப் பிறகு ஒரு நாள் கதர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு பெரம்பலூர் போனார், கடைத்தெருவில் ஊர்வலத்தில் நடந்தார், போலீஸ் பிடித்துத் திருச்சி ஜெயிலுக்குக் கொண்டுபோய்விட்டது. மிஷன் அவர் வேலையை எடுத்துவிட்டது. வீட்டில் மனைவி, கைக்குழந்தை, கண் தெரியாத தாயார். சம்பளம் நின்றதும் அந்தப் பெண் களையெடுக்கப் போக ஆரம்பித்தாள்.

அவர் பெயரை நான் ஜெபத்தில் சேர்க்கவில்லை. துரை வந்து போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருந்தேன். சபை மூப்பரும் அதையேதான் சொன்னார். மூப்பர் என்றால் சபைக்குப் பெரிய மனிதர். கோயில் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும்.

ஒரு நாள் உச்சி வெயிலில் அந்தப் பெண் வந்தாள். காலெல்லாம் சேறு. இடுப்பில் குழந்தை. என் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக் கீழே வைத்துவிட்டாள். வாத்தியாரை ஜெயிலில் அடித்துக் கொன்றுவிட்டார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உலவுகிறதாம். மாமியார் காதிலும் அது விழுந்துவிட்டது. கிழவி எதுவும் சொல்லாமல் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்து, மகன் பெயர் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அவ்வளவுதான், என் பிள்ளை செத்துட்டான், எல்லாரும் சேர்ந்து என்னிடம் மறைக்கிறீர்கள் என்று கூழைத் தள்ளிவிட்டுப் படுத்துவிட்டாளாம். இவள் எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை.

துரை வருகிறார் அம்மா, ஒரு வாரம் பொறுத்துக்கொள் என்றேன். அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை.

"பேரைச் சொல்லாம விட்டா ரெண்டே அர்த்தம்தானுங்க ஐயா. ஒண்ணு ஆளு வந்துட்டாரு, இல்ல செத்துட்டாரு. எங்க வூட்டுக்காரரு வரலீங்க. அப்ப நீங்க எந்தக் கணக்குல வச்சிருக்கீங்க?"

வேதசாஸ்திரப் பள்ளியில் எத்தனையோ தர்க்கம் பண்ணிப் பரிசெல்லாம் வாங்கியவன் நான். அந்த இடத்திலேயே வாக்குக் கொடுத்துவிட்டேன். இந்த வாரமே சொல்கிறேன் என்று. அவள் மோரைக் குடித்துவிட்டுப் போனாள்.

மூப்பரிடம் மறைக்க எனக்கு இஷ்டமில்லை. அன்று சாயங்காலமே போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனைவியை இழந்தவர், ஒரே மகன். அவன் ராஜாவின் பட்டாளத்தில் சேர்ந்து மலாயா போயிருந்தான். சிங்கப்பூர் விழுந்த பிறகு அவனிடமிருந்து ஒரு கடுதாசி இல்லை. இருக்கிறானா இல்லையா என்றே தெரியாமல் அந்த மனிதர் ஒவ்வொரு ஞாயிறும் அவன் பெயருக்கு எழுந்து நின்றுகொண்டிருந்தார். வாத்தியார் ஊர்வலத்தில் நடந்ததோடு சரி, எதையும் உடைக்கவில்லை. ஆனால் அந்தச் சமயத்தில் அங்கங்கே தந்திக் கம்பிகளை அறுத்திருந்தார்கள். மூப்பருக்குக் கதர் போட்டவன் எல்லாம் ஒன்றுதான்.

"கம்பிய அறுத்துட்டுப் போறானுங்க. என் மவன் உசிரோட இருக்கான்னு தந்தி வந்தா அது எந்தக் கம்பி வழியா வரும்? சொல்லுங்க பாப்போம்" என்றார்.

இன்னொன்றும் கேட்டார். துரைமார் வருவதற்கு முன்னால் நம் பிள்ளைகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் உள்ளே விட்டார்கள், நாளைக்குச் சுயராஜ்யம் வந்தால் மட்டும் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போவார்களா என்று. உள்ளுக்குள் நான் சுயராஜ்யப் பக்கம்தான். ஆனாலும் அவர் கேட்டதில் நியாயம் இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. கடைசியாக அவர் எழுந்து, என் மகன் பெயரோடு அந்தப் பெயரைச் சேர்த்தால் நான் எழுந்து நிற்க மாட்டேன், யோசித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்.

எனக்கு வீம்பு ஏறிவிட்டது. வீட்டுக்கு வந்து ஒரு திட்டம் போட்டேன். மூப்பர் மகன் பெயரை முன்னால் சொல்லிவிடுவது. அவர் பழக்கத்தில் எழுந்துவிடுவார். வாத்தியார் பெயரைக் கடைசியில் வைப்பது. அப்போது எப்படி உட்கார முடியும்? ஆமென் சொல்லும் முன் உட்கார்ந்தால் தன் மகனுக்கான ஜெபத்தைத் தானே முறித்த மாதிரி ஆகிவிடுமே. என் மனைவி கேட்டுவிட்டுச் சிரித்தாள். "நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம். இந்த வாய்க்குப் பட்டம் கெடச்ச மாதிரிதான்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை துரையின் கார் சேற்றில் சிக்கிக்கொண்டு, அவர் மாட்டுவண்டியில் வந்து இறங்கினார். பீடத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தோம். இடது பக்கம் பெண்கள், வலது பக்கம் ஆண்கள். முன் வரிசையில் மூப்பர். பெண்கள் பக்கம் கடைசியில் அந்தப் பெண், மடியில் குழந்தை, தோளில் சாய்ந்தபடி மாமியார். கிழவி பட்டினியில் பாதியாகிப் போயிருந்தாள்.

ராஜாவுக்காக ஜெபித்தேன். ஒரு வார்த்தையையும் விழுங்கவில்லை. அப்போதும் சரி, இப்போதும் சரி, அதில் எனக்கு வெட்கம் கிடையாது. ஆளுகிறவன் யாராக இருந்தாலும் அவனுக்கும் கடவுள் தேவைதான். சொல்லப்போனால் அவனுக்குத்தான் ரொம்பத் தேவை.

பிறகு பெயர்கள். கண்டிக்குப் போனவர்கள், பினாங்குக்குப் போனவர்கள். அந்தந்த வீட்டார் எழுந்து நின்றார்கள். அடுத்து மூப்பர் மகன் பெயரைச் சொன்னேன்.

அவர் எழுந்திருக்கவில்லை.

என் திட்டம் அவருக்கு எப்படியோ புரிந்துபோயிருந்தது. முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, தலையைக் குனிந்து, கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். நான் இன்னொரு தடவை சொன்னேன். அந்தச் சபையில் ஒரு பெயரைச் சொல்லி யாரும் எழுந்திருக்காமல் போனதே இல்லை. எங்கேயோ மலாயாக் காட்டில் இருக்கிற ஒரு பையனை எல்லோருமாகச் சேர்ந்து குழியில் போட்டுவிட்ட மாதிரி இருந்தது. என் கெட்டிக்காரத்தனம் எல்லாம் எங்கே போயிற்றோ. துரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது பெண்கள் பக்கம் கடைசியில் பாய் சரசரவென்றது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பெண் எழுந்து நின்றாள். தன் புருஷன் பெயருக்கு இல்லை, அதை நான் இன்னும் சொல்லவே இல்லை. மூப்பர் மகன் பெயருக்காக எழுந்து நின்றாள். உறவும் இல்லை, ஒட்டும் இல்லை. தன் புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்று சொன்னவரின் மகனுக்காக நின்றாள்.

ஏனம்மா எழுந்தாய் என்று பிற்பாடு என் மனைவி அவளைக் கேட்டாள். "சொன்ன பேரு அப்படியே கெடந்துச்சுங்க. மனசு கேக்கல" என்றாளாம்.

கோயில் ஓட்டுக்கூரை அதிரும்படி வாத்தியார் பெயரைச் சொன்னேன். கிழவி பதறிப்போய் மருமகளின் சேலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முகத்தைக் கூரைப் பக்கம் திருப்பி, கேட்ட பெயர் மறுபடியும் வருமா என்று நின்றாள். நான் மறுபடியும் சொன்னேன். அவளுக்காகவே சொன்னேன்.

அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்பது எனக்கு அடியோடு மறந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் மூப்பர் எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை. பெண்கள் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு கைகளைக் கூப்பிக்கொண்டு, கர்த்தருடைய ஜெபத்தை அவரே எடுத்துக்கொடுத்தார். மொத்தச் சபையும் சேர்ந்து சொன்னது. நான் உதட்டை அசைத்துக்கொண்டு மட்டும் நின்றேன்.

ஆராதனை முடிந்ததும் துரை என் வீட்டுக்கு வந்தார். நம்மைவிட நல்ல தமிழ் பேசுவார், எல்லாம் புத்தகத் தமிழ். கடைசியில் சொன்ன பெயர் யாருடையது என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். மிஷன் ஊழியர்கள் அரசியலில் சேர மாட்டார்கள் என்று சர்க்காருக்கு உறுதி கொடுத்திருக்கிறோமே என்றார். எனக்குத்தான் மூக்குக்கு மேலே கோபம் வருமே. "யார் யாருக்காக ஜெபிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போங்கள், மனப்பாடம் பண்ணிக்கொள்கிறேன்" என்றேன். உள்ளே என் மனைவி வேண்டுமென்றே ஒரு டம்ளரைக் கீழே போட்டாள்.

துரை கோபித்துக்கொள்ளவில்லை. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "நான் கண்டதைக் கண்டபடி எழுதுவேன். நீர் இளைஞர்; காத்திருக்கலாம்" என்று சொல்லி வண்டியேறினார். காத்திருந்தேன். என்னோடு படித்தவர்கள் எல்லாம் பட்டம் வாங்கித் திருவிருந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது, நான் அந்த உலகச் சண்டை முடிகிறவரைக்கும் வெறும் பிரசங்கியாகவே இருந்தேன். மாமனார் வீட்டில் ஏச்சுக்குக் குறைவில்லை. எனக்கு ஒரு நாள்கூட வருத்தமாக இல்லை.

கிழவி அன்று வீட்டுக்குப் போனதும் கம்மங்கூழைக் கேட்டு வாங்கிக் குடித்தாளாம். அந்தச் செய்தியைச் சொல்லத்தான் மருமகள் சாயங்காலம் ஓடிவந்தாள். அன்றுதான் அவள் சிரித்து நான் பார்த்தேன்.

மூப்பர் ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. சனிக்கிழமை வந்தார். கோயிலைப் பெருக்கச் சாவியைக் கொடுத்துவிட்டு, போகிற போக்கில் சொல்வது போலச் சொன்னார்: "நாளைக்கு வாத்தியாரு பேரை மொதல்ல சொல்லிடுங்க. கெழவியால ரொம்ப நேரம் காத்துக்கிட்டு ஒக்கார முடியாது."

அவர் மனம் மாறிவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். சாகிறவரைக்கும் அவர் கதரை நம்பவில்லை. ஆனால் அன்றிலிருந்து வாத்தியார் பெயருக்கும் அவர் எழுந்து நிற்பார். பட்டாளத்துப் பையன் பெயருக்கு அந்தப் பெண்ணும் நிற்பாள். வாத்தியார் ஜெயிலிலிருந்து எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார். சண்டை முடிந்து ஒரு வருஷம் போல ஆன பிறகு மூப்பர் மகனும் வந்தான். சிங்கப்பூரில் பிடிபட்டு அவனும் ஜப்பான்காரன் சிறையில்தான் இருந்திருக்கிறான். அந்த வருஷத்து அறுப்பின் பண்டிகைச் சாப்பாட்டில் இருவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து, யார் கட்சி சரி என்று இலை காய்கிறவரைக்கும் சண்டை போட்டார்கள். மூப்பர் குழம்பு வாளியோடு நடுவில் நின்று இரண்டு பேரையும் திட்டினார். நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வயிறு நிறைந்துவிட்டது.

கோயிலுக்குள் அரசியலைக் கொண்டுவராதே என்று எனக்குப் புத்தி சொன்னவர்கள் அனேகம் பேர். நான் எங்கே கொண்டுவந்தேன்? ஜனங்கள் உள்ளே வரும்போது அவர்களோடு அதுவும் வந்துவிடுகிறது. யாரையும் வெளியே நிறுத்தாமல் இருந்தால் போதும் என்பதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, களைக்காட்டுச் சேறு காயாத ஒரு பெண்ணிடம்தான் பார்த்தேன். பெருமை பாவம் என்று எத்தனையோ பிரசங்கம் பண்ணியிருக்கிறேன். அந்தச் சபைக்கு அன்று நான் ஊழியனாக இருந்தேன் என்கிற பெருமையை மட்டும் கடவுளிடம் இதுவரை அறிக்கையிட்டதில்லை, இனிமேலும் அறிக்கையிடுவதாக இல்லை.